வஸ்தாது என்றே அச்சடி

மகனே,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. தபால்காரர் செங்கல் சூளை வரைக்கும் தேடி வந்து கொடுத்தார். என் கை முழுக்கச் சேறு. உன் அம்மா தாளைப் பிரித்துப் பிடித்துக்கொள்ள, நான் நின்றபடியே படித்தேன். தை மாதம் வெள்ளிக்கிழமை முகூர்த்தம், பெண் எட்டாவது வரை படித்திருக்கிறாள், பெண்ணின் தகப்பனார் பட்டணத்தில் ஹெட்மாஸ்டர் என்பதையெல்லாம் உரக்கப் படித்துச் சொன்னேன். அதற்குக் கீழே நீ கேட்டிருந்த மூன்றையும் வாய் திறக்காமல் படித்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்து, “இன்னா எழுதிகீறான்?” என்றாள். “உடம்பப் பாத்துக்கச் சொல்லிகீறான்” என்றேன். அவள் நம்பவில்லை. சாயங்காலம் அடுப்படியில் உட்கார வைத்து முழுதும் சொல்ல வைத்துவிட்டாள்.

நீ கேட்டது இதுதான். கல்யாணப் பத்திரிகையில் என் பெயருக்கு முன்னால் ‘வஸ்தாது’ என்று போட வேண்டாம், ‘மேஸ்திரி’ என்று போட்டால் கௌரவமாக இருக்கும். இது ரேஷன் அரிசிக் காலம், கல் தூக்கிக் கசரத்து பண்ணுகிற என் கொட்டகை ஆட்களைக் கும்பலாக அழைத்து வர வேண்டாம், அவர்கள் சாப்பாடும் பேச்சும் உன் மாமனாருக்குப் பழக்கமில்லாதவை. அவர் சம்பந்தி வீடு பார்க்க வருவதற்குள் அந்தக் கொட்டகையைப் பிரித்துவிட்டால் நல்லது. முதல் இரண்டுக்கும் என் பதில், முடியாது. மூன்றாவதற்குப் பதில், கொட்டகையைப் போன மாதமே பிரித்தாயிற்று. சந்தோஷப்படாதே. பிரித்த அன்றைக்கே வேறு இடத்தில் நட்டும் ஆயிற்று. அது எப்படி நடந்தது என்று சொல்லத்தான் இவ்வளவு தாள் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நாலாவதோடு படிப்பை விட்டவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்.

நம் கொட்டகையில் குறை இருக்கிறது என்று நீ எழுதியிருக்கிறாய். எனக்குத் தெரியாத குறையா? பட்டணத்தில் நீ பார்த்த கசரத்துக் கூடத்தில் ஆள் உயரக் கண்ணாடி இருக்கிறதாம், டாக்டர் ஒருவர் மாரில் குழாய் வைத்துப் பார்த்த பிறகுதான் இரும்பைத் தொட விடுகிறார்களாம். இருக்கட்டும். நம்மிடம் இருந்தது பனையோலைக் கூரையும் மண் தரையும். கூரையில் பாம்பு இருந்தது உண்மை. மூச்சை அடக்கித் தூக்கு என்று நான் சொன்னதை நம்பித் தூக்கிய ஒருவனுக்குக் குடல் இறங்கி, ஆஸ்பத்திரியில் கத்தி வைக்க வேண்டி வந்ததும் உண்மை. எவனோ சொன்னதைக் கேட்டு எல்லோரையும் பச்சை முட்டை குடிக்க வைத்தேன், ஒரு வாரம் பாதிப்பேர் ஏரிக்கரைக்கும் வீட்டுக்குமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். முட்டி போனவர்கள், தோள் இறங்கியவர்கள் எல்லோரையும் நான் தினமும் பார்க்கிறேன். எனக்கே இடது முழங்கால் மாடி ஏறாது. இதையெல்லாம் நீ சொன்னால் தலை குனிந்து கேட்டுக்கொள்வேன். ஆனால் வெட்கமாக இருக்கிறது என்று எழுதினாயே, அதை மட்டும் திருப்பி அனுப்புகிறேன். குறை வேறு, வெட்கம் வேறு. அந்த இடம் எப்படி வந்தது என்று உனக்கு யாரும் முழுதாகச் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை, ஏனென்றால் முழுதாகச் சொன்னால் என் அசிங்கமும் வெளியே வரும்.

நீ பிறப்பதற்கு முந்தின வருஷம். நானும் எல்லப்பனும் ஒரே சூளையில் செங்கல் அறுத்துக்கொண்டிருந்தோம். உனக்கு அவன் மாமன். எனக்குப் பத்து வயதிலிருந்தே கூட்டாளி. பூந்தமல்லியில் அப்போது ஒரு தாலிம்கானா இருந்தது. நிலம் நீர் உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் கசரத்து பண்ணுகிற இடம். பட்டணத்திலிருந்து தருவித்த வழவழப்பான இரும்புக் கம்பி, அதன் இரண்டு பக்கமும் மாட்டுகிற குண்டுகள் எல்லாம் உண்டு. அந்தக் கூடத்துக்குத் தரைமணல் சுமந்து கொட்டியது நானும் அவனும்தான். மூன்று நாள் வேலை. முடித்த அன்று உள்ளே யாரும் இல்லை என்று நினைத்து எல்லப்பன் அந்தக் கம்பியைத் தொட்டான். தூக்கவில்லை, தொட்டுப் பார்த்தான். அங்கே கசரத்து சொல்லிக் கொடுக்கிற வஸ்தாது எழுந்து வந்தார். திட்டவில்லை, அடிக்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து அவன் தொட்ட இடத்தைத் துடைத்தார். அவ்வளவுதான். நம் பருத்திப்பட்டு ஏரிக்கரை வந்ததும் மணல் கூடையை இறக்கி வைத்தான் எல்லப்பன். அப்புறம் சொன்னான்: “கம்பின்னா அவுங்க ஊட்டுச் சொத்தா? நம்பகிட்ட கடப்பாரை கீது இல்ல?”

கடப்பாரை இருந்தது. அதில் மாட்டக் குண்டு வேண்டுமே. மாவு அரைக்கிற எந்திரக்கல்லின் மேல்கல்லுக்கு நடுவில் துளை இருக்கிறது என்பது நான் கண்டுபிடித்தது. வீடு வீடாகப் போய் உடைந்தது, விளிம்பு போனது, கை முளை கழன்றது என்று கேட்டு வாங்கினோம். ஒரு பக்கத்துக்கு ஒன்று குறைந்தது. உன் அம்மா கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. தாய் வீட்டிலிருந்து கொண்டு வந்த புது எந்திரத்தின் மேல்கல்லைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். வேண்டாம் என்றேன். “மாவு அரைக்கறதுக்குப் பக்கத்து ஊட்ல கேட்டுக்கறேன். தூக்கறதுக்கு நீ எங்க போய்க் கேப்ப?” என்றாள். ஏரிப் புறம்போக்கில் நாலு கால் நட்டு ஓலை போட்டோம். முதல் மாதம் ஐந்து பேர், பொங்கலுக்குள் இருபது பேர். எல்லோரும் சூளை ஆட்கள், வயல் கூலிகள். விடிகிற நேரத்தில் வந்து தண்டால், உட்கார்ந்து எழுகிற பஸ்கி எடுத்து, கல் தூக்கி, ஏரியில் முங்கி எழுந்து வேலைக்குப் போவோம். நாள் முழுக்கப் பாரம் சுமக்கிறவனுக்கு இன்னும் எதற்குப் பாரம் என்று ஊரில் சிரித்தார்கள். நீயும் அதைத்தான் படித்தவன் பாஷையில் எழுதியிருக்கிறாய். சொல்கிறேன் கேள். சூளையில் தூக்குவது மேஸ்திரிக்காக. வயலில் தூக்குவது ஆண்டைக்காக. இங்கே ஒருவன் தூக்குவது யாருக்கும் எங்கேயும் போய்ச் சேராது. தூக்குகிறான், வைக்கிறான். அவன் உடம்பு அவனுடையது என்று அவனுக்கு ஒரு மணி நேரம் தெரிகிறது. அந்த ஒரு மணி நேரம் அனுபவித்தவன் மிச்ச நேரத்தில் குனிந்து நிற்கிற விதமே மாறிவிடும். அதை நான் இருபது முதுகில் பார்த்தேன்.

இனி என் அசிங்கம். கல் எல்லாம் சேர்ந்ததும், இரண்டு பக்கமும் சரி எடைதானா என்று நிறுத்துப் பார்க்கச் சொன்னார்கள். படித்தவன் என்று என்னைத்தான் அனுப்பினார்கள். கல்லை வண்டியில் ஏற்றி ஒரு அரிசி மண்டிக்குக் கொண்டு போனேன். தராசில் வைக்க அந்த ஆள் விடவில்லை. வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிட்டான். திரும்பி வந்து அதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. வஸ்தாது என்று அப்போதுதான் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். “நிறுத்தாச்சு, ஒயுங்கா கீது” என்று சொல்லிவிட்டேன். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சூளையில் விறகுத் தராசு சும்மா இருந்தபோது, கல்லை எடுத்துப் போய் நானே தனியாக நிறுத்தேன். இடது பக்கம் நாலு ராத்தல் கூடுதல். எல்லோரும் இரண்டு வருஷமாகக் கோணலான கம்பியைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். முதல் பொய்யைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. கல்லைத் திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷமே பூந்தமல்லியில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் மாற்றலாகிப் போகிறார் என்று விளையாட்டுப் பந்தயங்கள் வைத்தார்கள். யார் வேண்டுமானாலும் வரலாம் என்று தமுக்கடித்தார்கள். வெள்ளைக்காரன் முன்னால் யாரும் யாரையும் தடுக்க முடியாது என்பதால் நாங்களும் போனோம். எல்லப்பன் பளுத் தூக்க இறங்கினான். அதே தாலிம்கானாக் கம்பி. மார்பு வரைக்கும் சுலபமாக வந்துவிட்டது. தலைக்கு மேல் தள்ளும்போது, கூடுதல் எடைக்குப் பழகிய அவன் இடது கை முந்திக்கொண்டது. கம்பி வலது பக்கம் சாய்ந்து மண்ணில் விழுந்தது. கூட்டம் சிரித்தது. “காவடி ஆடறான் பாரு” என்று எவனோ கத்தினான். எல்லப்பன் என்னிடம் வந்து, “இன்னாடா இது, கம்பி கோணலா?” என்று கேட்டான். கோணல் கம்பியில் இல்லை, உன் கையில்தான், அதற்குக் காரணம் நான் என்று சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “பயந்துட்ட. இன்னொரு தபா போ. இன்னும் எடை போடச் சொல்லு” என்றேன். போனான். போடச் சொன்னான். இரண்டாவது தடவை சாய்ந்த கம்பியை விழாமல் பிடிக்கப் பார்த்தான். வலது மணிக்கட்டு உடைந்த சத்தம் எனக்குக் கேட்டது.

மறுநாள் காலை அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். மண்டிக்காரன் விரட்டியது, விறகுத் தராசு, நாலு ராத்தல், எல்லாம். கட்டுப் போடாத இடது கையால் என் கன்னத்தில் ஒன்று வைத்தான். அதற்குப் பிறகு ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை. ஆனால் கொட்டகைக்கு ஒரு நாள் தவறாமல் வந்தான். ஒரு கையைக் கழுத்தில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பஸ்கி போட்டான். எனக்குத் தாங்கவில்லை. “எம்மேல கோவம் கீது, அப்பறம் எதுக்குடா வர?” என்று ஒருநாள் கேட்டேன். என்னைப் பார்க்காமல் பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: “அவன் மூஞ்சியப் பாக்க ஒண்ணும் நான் வர்ல. இது நான் நட்ட காலு. அவன் வேணா போவட்டும்னு சொல்லு.”

நான் போகவில்லை. அந்த ஒரு வருஷம்தான் கொட்டகை என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது. எல்லப்பனால் கல் அறுக்க முடியாது. அவன் பங்குக் கல்லைக் கொட்டகை ஆட்கள் முறை வைத்து அறுத்தார்கள். தங்கள் வேலை முடிந்த பிறகு அவன் சேற்றை மிதித்து, அவன் அச்சில் போட்டு, அவன் வரிசையில் அடுக்கினார்கள். யாரும் சொல்லி அவர்கள் செய்யவில்லை. மேஸ்திரி அவன் இடத்தில் வேறு ஆளைப் போடப் பார்த்தபோது, இருபது பேரும் அச்சைக் கீழே வைத்துவிட்டு நின்றார்கள். மேஸ்திரி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டார். கண்ணாடி வைத்த கூடத்தில் இது கிடைக்குமா என்று விசாரித்து எழுது. பிறகு எல்லோரும் சேர்ந்து வார்ப்படப் பட்டறையில் இரும்புத் தட்டு வார்த்து வந்தோம். அதை இறக்கிய அன்றுதான் எல்லப்பன் வாய் திறந்தான். “நிறுத்துப் பாத்தியா?” என்றான். எல்லோரும் பார்க்கச் சூளைத் தராசில் நிறுத்தோம். இன்றைக்கும் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் தட்டுகளையெல்லாம் எல்லோர் முன்னாலும் நிறுக்கிறோமே, ஏன் என்று சின்ன வயதில் கேட்பாய். இதனால்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போகிறாய். ஒன்று சொல்கிறேன். எங்கேயாவது உன்னை வாசலில் நிறுத்தி அனுப்பினால், வீட்டுக்கு வந்து அந்தப் பெண்ணிடம் அப்படியே சொல்லிவிடு. கௌரவத்துக்குப் பயந்து மாற்றிச் சொன்னால் அந்த எடை வேறு யார் கையிலாவது போய் விழும்.

இப்போது போன மாதத்துக்கு வருகிறேன். ஏரிப் பக்கம் முழுக்கப் பட்டாளத்துச் சாமான் கொட்டகைகளுக்காக அளக்கிறார்கள். சங்கிலி பிடித்துக்கொண்டு வந்த ரெவின்யூ ஆள், ஒரு வாரத்தில் இடத்தைக் காலி பண்ண வேண்டும் என்றார். எழுதிக் கொடுங்கள் என்றேன். “ஓலைக் கொட்டாய்க்கு எல்லாம் எங்கய்யா எழுதிக் குடுக்கறது? எடுத்துனு போங்க” என்றார். எல்லப்பன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். “எங்க எடுத்துனு போறதுன்னு மட்டும் சொல்லு சாமி. தூக்கறது எங்க வேல” என்றான். அந்த ஆளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தாரே தவிர இடம் காட்டவில்லை. நாங்களாகவே அலைந்தோம். முத்தாபுதுப்பேட்டைப் பக்கம் நெருப்பு அணைந்து பல வருஷமான ஒரு சூளை மேடு இருக்கிறது. அதன் சொந்தக்காரர், பாம்புக்குப் பயந்து யாரும் போகாத இடம், வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். பாம்பு எங்களுக்குப் புதிதா?

ஞாயிற்றுக்கிழமை காலை கொட்டகையைப் பிரித்தோம். கூரைச் சட்டத்தை இரண்டாக அறுத்து, ஒவ்வொன்றுக்கும் பன்னிரண்டு பேர் தோள் கொடுத்தோம். பின்னால் கால்கள், கர்லாக்கட்டைகள், இரும்புத் தட்டுகள். தட்டுக்கு ஆள் போதவில்லை. அப்போது உன் அம்மா தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றாள். நான் இருபத்தைந்து வருஷமாக வைத்திருந்த விதி உனக்குத் தெரியும், பெண்கள் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது. ஏன் என்று உன் அம்மா பல தடவை கேட்டிருக்கிறாள். பதில் சொன்னதில்லை, ஏனென்றால் பதில் இல்லை. பூந்தமல்லியில் ஒரு விதி இருந்தது, நாங்களும் ஒரு விதி வைத்துக்கொண்டோம், அவ்வளவுதான். அவள் நேராக உள்ளே வந்தாள். பெரிய தட்டு இரண்டைச் சும்மாட்டின் மேல் ஏற்றிக்கொண்டாள். என்னிடம் திரும்பி, “கல்லு குடுத்தவ உள்ள வரக்கூடாதுன்னியே, இப்ப இன்னா சொல்ற?” என்றாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “நடன்னு சொல்றேன்” என்றேன். “ஒனக்கு முன்னாலயே நடக்கறேன்” என்று நடந்தாள். இப்போது புதுக் கொட்டகையில் அந்த விதி இல்லை. செவ்வாயும் சனியும் நாலு பெண்கள் வந்து கர்லாக்கட்டை சுற்றுகிறார்கள். இரண்டு பேர் இதனால் வருவதை நிறுத்திவிட்டார்கள். நிறுத்தட்டும்.

ஏரிக்கரையைச் சுற்றிப் போவதுதான் எங்களுக்கு வழக்கமான வழி. ஊர்த்தெரு வழியாகப் போனால் பாதி தூரம். ஆனால் அந்தத் தெருவில் நம் ஆட்கள் பாரத்தோடு கும்பலாகப் போனது கிடையாது. முக்கு வந்ததும் முன்னால் போன எல்லப்பன் நிற்கவே இல்லை, நேராகத் தெருவுக்குள் திரும்பிவிட்டான். தோளில் கூரை இருக்கும்போது முன்னால் போகிறவன் திரும்பினால் பின்னால் வருகிறவனும் திரும்பித்தான் ஆக வேண்டும். பாதித் தெருவில் பெரிய மனிதர் ஒருவர் கைத்தடியோடு குறுக்கே வந்து நின்றார். “எவன்டா அது, எங்கடா போறீங்க கும்பலா?” என்றார். எனக்குப் பயம்தான், பொய் சொல்லவில்லை. நின்றால் கூரையை இறக்க வேண்டும், இறக்கினால் மறுபடி அந்த இடத்திலிருந்து எடுக்க விடுவார்களோ இல்லையோ. எல்லப்பன் நடையைக் குறைக்காமல், குரலையும் உயர்த்தாமல் சொன்னான்: “தள்ளிக்கோங்க சாமி, கூரை வருது.” அவர் தள்ளிக்கொண்டார். வேறு என்ன செய்வார்? இருபத்து நாலு பேர் தோளில் கூரை வருகிறது. சூரியன் உச்சிக்கு வந்தபோது மேட்டில் இருந்தோம். பொழுது சாய்வதற்குள் கால் நட்டு ஓலை வேய்ந்துவிட்டோம். மறுநாள் ஊரிலிருந்து ஆள் வந்து மிரட்டினான். இரண்டு பேருக்கு வயல் வேலை போனது. அவர்கள் இப்போது பட்டாளத்துக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். அந்த வேலை எத்தனை நாளைக்கு என்று யாருக்கும் தெரியாது. இதையும் சேர்த்தே உனக்குச் சொல்கிறேன். எதுவும் விலை இல்லாமல் நடக்கவில்லை.

இந்தக் கொட்டகையைத்தான் பத்திரிகையில் மறைக்கச் சொல்கிறாய். நான் இந்தக் கடிதத்தை இத்தோடு முடித்திருந்தால் கெட்டிக்காரத்தனமாக இருந்திருக்கும். ஆனால் உன் வெட்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அது கொட்டகையிலிருந்து வரவில்லை. என்னிடமிருந்து வந்தது.

உனக்கு எட்டு வயதிலிருந்து காலையில் கசரத்து முடிந்ததும் நீதான் பேப்பர் படிப்பாய். இரும்பைக் கீழே வைத்துவிட்டு, ஈரத் துண்டோடு எல்லோரும் உன்னைச் சுற்றி உட்காருவார்கள். எங்கேயோ யாரோ உப்பு எடுத்து ஜெயிலுக்குப் போனதும், எங்கேயோ மில்லில் வேலை நிறுத்தம் நடந்ததும் இந்த ஏரிக்கரைக்கு உன் குரலில்தான் வந்தது. எல்லப்பன் மணிக்கட்டு வளைந்த கையைக் காதுக்குப் பின்னால் வைத்துக் கேட்பான். நீ ஒல்லி. இரண்டு சின்னத் தட்டு போட்ட கம்பியே உனக்கு எழும்பாது. ஆனால் அந்த இடத்தில் எல்லோரும் காத்திருந்தது உனக்காகத்தான். அது எனக்குப் பெருமையாக இருந்திருக்க வேண்டும். எரிச்சலாக இருந்தது. வஸ்தாது மகன் தூக்க மாட்டான் என்று யாரும் சொல்லாததை நானாக எல்லோர் வாயிலும் கேட்டேன்.

உனக்குப் பதினாறு வயது. நசரத்பேட்டையிலிருந்து ஐந்தாறு பேர் நம் கொட்டகையைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் உன்னைக் கம்பி எடுக்கச் சொன்னேன். நீ முடியாது நைனா என்றாய். திரும்பவும் சொன்னேன். எடுத்தாய், முட்டி வரை வந்தது, விட்டுவிட்டாய். யாரும் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். “இவன் கையில கீறதெல்லாம் காயிதம் தூக்கற பலந்தான். இது எம்புள்ள இல்ல, அவங்கம்மா ஊட்டுச் சீதனம்” என்றேன். அது போதாதென்று நீ கக்கத்தில் வைத்திருந்த அன்றைய பேப்பரைப் பிடுங்கி, கை வேர்வையைத் துடைத்து மண்ணில் போட்டேன். நீ அதைப் பார்த்துக்கொண்டே நின்றாய். அந்த வாரமே ஹாஸ்டல், பட்டணம் என்று போய்விட்டாய். உன் பெட்டியை ஸ்டேஷனுக்குத் தூக்கி வந்தது நான் இல்லை, எல்லப்பன். வண்டி போன பிறகு கொட்டகைக்கு வந்து என்னிடம் சொன்னான்: “அன்னிக்கு பூந்தமல்லியில அவரு தொட்ச்சாரு. இன்னிக்கு நீ தொட்ச்சிட்ட. அவருக்கும் ஒனக்கும் இன்னாடா வித்தியாசம்?” உனக்கு எட்டு வருஷமாகக் கடிதம் எழுதியும் இதை எழுதியதில்லை. அரிசி விலை எழுதினேன், மழை எழுதினேன், அம்மாவுக்கு ஜுரம் என்று எழுதினேன்.

எல்லோர் முன்னாலும் சொன்னதை உன் காதில் மட்டும் ரகசியமாகத் திருப்பிக்கொள்வது நியாயம் இல்லை. ஆகவே இந்தக் கடிதத்தை நாளைக் காலை கசரத்து முடிந்ததும் புதுக் கொட்டகையில் எல்லோர் முன்னாலும் வாசிக்கப் போகிறேன். அன்று இருந்தவர்களில் முக்கால்வாசிப்பேர் இன்றும் வருகிறார்கள். நசரத்பேட்டை ஆட்களுக்கும் சொல்லி அனுப்பியிருக்கிறேன். பெண்களையும் வரச் சொல்லியிருக்கிறேன். வாசித்த பிறகுதான் தபாலில் போடுவேன்.

ஆனால் நான் உன்னிடம் தவறு செய்தேன் என்பதற்காக என் பெயருக்கு முன்னால் இருப்பதை எடுத்துவிட மாட்டேன். அது எந்த இடத்திலும் நிற்க விடப்படாதவர்கள் சேர்ந்து எனக்குக் கொடுத்த பெயர். உன் மாமனார் கேட்டால், என் தகப்பனார் ஒரு கோணல் கம்பி வைத்திருந்தார், அதனால் ஒரு கூட்டாளியின் கையை ஒடித்தார், ஒரு மகனை அவமானப்படுத்தினார், இன்னும் அந்த இடத்தை நடத்துகிறார் என்று சொல். பள்ளிக்கூடம் நடத்துகிறவருக்கு அது புரியும். புரியாவிட்டால் நானே அவருக்குச் சொல்லிக்கொள்கிறேன். வஸ்தாது என்றே அச்சடி. பெண்ணின் பெயருக்குப் பக்கத்தில் எட்டாவது வரை படித்தவள் என்றும் போடு, கொட்டகையில் எல்லோரும் தெரிந்துகொள்ளட்டும். சாப்பாட்டுக்குக் கவலைப்படாதே. பதினோரு பேர் வருகிறோம், ஆளுக்கு ஒரு படி அரிசி மூட்டையில் கட்டிக்கொண்டு வருகிறோம். சமையல்காரரிடம் கொடுத்துவிடுவோம். பேச்சு மட்டும் எங்கள் பேச்சாகத்தான் இருக்கும். அதற்கு ரேஷன் கிடையாது.

இது வரைக்கும் நேற்று எழுதியது. இன்று காலை வாசித்துவிட்டேன்.

உன் அம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். எந்திரக்கல் வந்த இடத்தில் சிரித்தார்கள். மணிக்கட்டு வந்த இடத்தில் எல்லப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உன்னைப் பற்றிய இடம் வந்தபோது பாதி வார்த்தையை முழுங்கிப் படித்து, நடுவில் நிறுத்திவிட்டேன். யாரும் உதவிக்கு வரவில்லை. அது சரிதான். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் வாசித்து, தாளை மடித்தேன். நல்லது, கல்யாணத்துக்குப் போவோம் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அப்புறம் எல்லப்பன் சொன்னான்:

“புள்ளயச் சொன்ன எடத்த இன்னொரு தபா படி. முன்ன மாதிரி முழுங்காத, ஒரக்கப் படி.”

படித்தேன்.

முகூர்த்த வெள்ளிக்கிழமை ஆவடியில் முதல் வண்டி ஏறுகிறோம். மண்டபத்துக்கு வழி எங்களுக்குத் தெரியும், யாரும் வந்து அழைத்துப் போக வேண்டிய அவசியம் இல்லை. கல்யாண மாப்பிள்ளை காலையில் வெளியே வரக்கூடாது என்று உன் மாமனார் வீட்டில் சொன்னாலும் சொல்வார்கள். அப்படியானால் வர வேண்டாம். வர முடிந்தால், நாங்கள் இறங்குகிற இடத்தில் நில். எல்லப்பனுக்குச் சந்தோஷமாக இருக்கும்.

எனக்கும்தான்.

இப்படிக்கு,
உன் நைனா